காயாத கறுப்பில் ஒரு சந்தனப் பொட்டு

என் பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கார் நலம். அதைத்தான் முதலில் கேட்பீர்கள். உங்கள் மனைவியும் நலம்.

நீங்கள் கண்மூடி ஓராண்டு முடிந்துவிட்டது. என் தங்கை இப்போது தானே காரோட்டிப் பிரசவம் பார்க்கப் போகிறாள். தள்ளியிருக்கும் சாலாக் செலாத்தானில் ஒருத்திக்கு வலி எடுத்தால், பிரிக்பீல்ட்ஸில் நம் வீட்டிலிருந்து ரிக்‌ஷாவில் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? உங்கள் அப்பாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. கார் அவர் பெயரில் இருக்கிறது. "ஒரு கீறல் விழட்டும், அன்னைக்கே வித்துடுவேன்" என்று கிள்ளானிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்பு அந்தக் கீறல் விழுந்தது. வாசல் தூணில் உரசி, இடப்பக்க மட்கார்டில் சுண்டுவிரல் நீளம்.

"கறுப்பு மையைத் தடவி மறைச்சிடலாம்" என்றேன்.

"மறைக்கிறது எதுக்குண்ணா? சரி பண்ணுவோம்."

சோப்புத் தண்ணீரில் கழுவினாள். தடவினால் விளிம்பு விரலில் தட்டாத அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்தாள். தூசி எழும்பாதபடி தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, சின்னத் தூரிகையால் கறுப்புப் பெயிண்ட் பூசினாள். காயவிட்டு, மறுநாள் இன்னொரு முறை. எந்த இடம் என்று நீங்களே கேட்டிருப்பீர்கள். ஆனால் மழைக்காலம்; பூசையன்று காலையிலும் அது முழுதாகக் காயவில்லை.

முதல் ரயிலில் உங்கள் அப்பா வந்துவிட்டார். நாங்கள் வாய் திறப்பதற்குள் சந்தனத்தை எடுத்து, சரியாக அந்த இடத்திலேயே கட்டைவிரலை அழுத்திப் பொட்டு வைத்தார்.

"என்னம்மா, ஒட்டுது?"

"பெயிண்ட் ஈரம் மாமா. தூண்ல உரசிட்டேன். நான்தான் பூசினேன்."

போயிற்று கார் என்று நினைத்தேன். அவர் தன் கறுத்த விரலைப் பார்த்தார். குனிந்து மட்கார்டைப் பார்த்தார்.

"உரசினது எங்க இருக்கு?"

"அது இப்ப தெரியாது மாமா. நீங்க வச்ச பொட்டுதான் தெரியுது."

அவர் சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அப்ப கெடுத்தவன் நான்லா! எடும்மா அந்த உப்புத்தாள."

"ஈரத்துல தேய்ச்சா இன்னும் கெட்டுடும் மாமா. காயணும்."

அதற்காகவே இரண்டு நாள் தங்கினார். கார் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, என்னைக்கூடக் கிட்டே விடவில்லை. காய்ந்ததும் அவரே தேய்த்தார், அவள் பூசினாள். அது காய்ந்த பிறகு அவளே அவரைக் கிள்ளானுக்கு ஓட்டிப் போனாள். பின்னால் நானும் இருந்தேன். விற்கிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. வீட்டு முன்னால் இறங்கியதும், கேட்காத பக்கத்து வீட்டுக்காரரிடம் உரக்கச் சொன்னார்: "ரயில்ல வரல. மருமக கொண்டாந்து விட்டா."

அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டாமா?

திரும்பும் வழியெல்லாம் "பிரேக், பிரேக்" என்று கத்தியது நான் ஒருவன்தான். இனி வாயை மூடிக்கொண்டு வருவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அவளுக்கு அண்ணன், உங்களுக்கு என்றும்
மச்சான்