சிவப்பு ஐசி என்று உங்களைத் திருப்பி அனுப்பினார்கள், அண்ணி

எனக்கு அண்ணியாக வந்து அக்காவாகவே ஆகிவிட்ட செல்விக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீங்கள் போய் மாதங்கள் ஓடியும் அது ஆறவில்லை. இருந்திருந்தால், "தண்ணி குடிச்சிட்டுப் பேசு பரமேஸ்" என்று சொல்லியிருப்பீர்கள்.

கிள்ளான் பக்கத்து மேருவில் இருந்த ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் நாம் ஒரே வரிசையில் நின்றோம். அதே வெக்கை, அதே மருந்து நெடி. ரிங்கிட் மதிப்பு விழுந்த வருஷம் கதவைச் சாத்தினார்கள். கம்பெனி ஆள் என்று எனக்கு இழப்பீடு கிடைத்தது. உங்களைக் கொண்டுவந்தவன் கான்ட்ராக்டர், அதனால் உங்களுக்கு ஒன்றுமில்லை. உங்கள் பெயரில் அவன் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிச் சந்தாகூடக் கட்டவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு இருந்த சட்டம் உங்களுக்கு ஏன் இல்லாமல் போனது?

அண்ணன் இறந்த பிறகு மகள் கவிதாவை ஒற்றை ஆளாக வளர்த்தீர்கள். வேலை போனதும் உதவித்தொகை கேட்டு நாம் இருவரும் போன அலுவலகம் நினைவிருக்கிறதா? கவுண்டரில் இருந்த நம் தமிழ்ப் பெண், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் உங்கள் சிவப்பு அடையாள அட்டையைத் தொடக்கூட இல்லை.

"சிவப்பு ஐசி ஆன்டி. சிட்டிசனுக்கு மட்டும்தான். கிடைக்காது லா."

"நான் சுங்கை பூலோ எஸ்டேட்ல பொறந்தவம்மா. எங்கப்பா பொறப்பு பதியாம விட்டுட்டாரு. அதுக்காக எனக்குப் பசிக்காதா?"

அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நடக்கலாம் வா, பஸ் வேணாம்" என்றீர்கள். வழியெல்லாம் நான்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

அதனால்தானே பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் பாத்திரம் கழுவப் போனீர்கள்? கொதிக்கிற சோற்றுக் கஞ்சி காலில் கொட்டியதும் முதலாளி உங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை. டாக்சியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். சர்க்கரை உடம்பு. புண் ஆறவில்லை. நான் வார்டில் சேர்த்தபோது விஷம் உடம்பெல்லாம் பரவிவிட்டதாக டாக்டர் சொன்னார்.

சாவு வீட்டுக்கு அந்த முதலாளி பெரிய மாலையோடு வந்தார். "நம்ம கடையில வேல செஞ்சவங்க" என்று வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"கால் வெந்தப்போ, 'நாள்கூலிக்கு வந்தவங்க, எனக்குத் தெரியாது'ன்னு சொன்னீங்களே பாஸ்? செத்ததும் உங்க ஆளாயிட்டாங்களா?"

மாலையை வாங்கவில்லை, அண்ணி. அவரோடு போகட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெரியவர்கள் என்னைக் கண்டித்தார்கள். கண்டிக்கட்டும்.

இப்போது ஒரு சேதி. அந்தக் கையுறைக் கம்பெனிக் கான்ட்ராக்டர்மேல், அவன் கொண்டுவந்த நம் வரிசைப் பெண்கள் எல்லோரும் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள்; உங்களுக்காக நானும் கூடப் போனேன். சித்தி என்ற பெயருடைய அந்த இந்தோனேசியப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். உங்கள் சோற்றுப் பாத்திரத்தில் கை நனைத்த அதே சித்திதான். விசாரணைக்கு முந்தின நாள் அவன் இறங்கி வந்து கிள்ளானில் ஒரு சாலையோர ஒட்டுக்கடைக்கு எங்களைத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டான்.

"லோக்கல் ஆளுங்களுக்கு செட்டில் பண்ணிடறேன்கா. அந்த இந்தோன் பொம்பளய விட்டுடுங்க."

எல்லோருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்தேன். அதற்குள் நம் வரிசையில் மூத்தவரான முனியம்மாக்கா எழுந்துவிட்டார். "அவளும்தானே எங்களோட வெந்தா? அவளுக்கு இல்லன்னா எங்களுக்கும் வேணாம்" என்றார். ஒவ்வொருவராக எழுந்தோம். மறுநாள் அதிகாரி முன்னால் சித்திக்கும் சேர்த்தே இழப்பீடு தர ஒப்புக்கொண்டான்.

ஆனால் உங்கள் பெயரைச் சொன்னதும், "செத்தவங்களுக்கு எதுக்கு?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. நாட்டில் நெருக்கடி, எல்லோரும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று தொலைக்காட்சியில் தினமும் சொல்கிறார்கள். பொறுத்துப் பொறுத்துச் செத்தவர்களிடம் யார் என்ன சொல்வார்கள்?

கவிதா என்னோடுதான் இருக்கிறாள். உங்கள் மகளாக உங்களுக்குரியதைக் கேட்டுத் தனிப் புகார் கொடுத்திருக்கிறோம். அந்தக் கடைக்காரர்மேலும் கொடுத்தாயிற்று. விசாரணைக்கு முனியம்மாக்காவும் சித்தியும் சாட்சியாக வருகிறார்கள். தள்ளிப்போட்டால் திரும்பவும் போவோம். செல்வி எங்கள் ஆள், இந்த ஊரில் பிறந்து இந்த ஊருக்கு உழைத்தவள் என்று அந்த முதலாளிகள், அதிகாரிகள் வாயாலேயே சொல்ல வைக்காமல் நான் ஓயமாட்டேன், அண்ணி.

உங்கள் கோபக்கார நாத்தனார்,
பரமேஸ்வரி