தலையசைப்புக்குப் பஞ்சமான ஊர்

பிப்ரவரி 12, புதன். போர்ட்லேண்ட்

மழை. இந்த ஊரில் ‘மழை’ என்று எழுதுவதே மைக்குக் கேடு.

காலையில் பேருந்து நிறுத்தத்தில் அந்த நீலச் சாப்பாட்டுப் பைக்காரர் வழக்கம்போல ஒரு தலையசைப்பு தந்தார். நானும் தந்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. அந்தத் தெருவில் கறுப்பர்கள் நாங்கள் இருவர்தான். நம்மவரைக் கண்டும் தலையசைக்காமல் போனால் அது வாசலுக்கு வந்தவரை ‘வா’ என்று கேட்காத மாதிரி. நல்ல மனதோடு மருத்துவமனை வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் மகள் நைலா தட்டைத் தொடவில்லை. பதின்மூன்று வயதுக்குப் பசி தெரியாதா என்ன? குடைந்து குடைந்து கேட்டேன்.

“இன்னிக்கு அந்தப் பாடம்மா. அடிமைக் கப்பல். டீச்சர் ஆரம்பிச்சதும் மொத்த கிளாஸும் திரும்பி என்னைப் பாக்குது. கப்பலை நான்தான் வெளிய பார்க் பண்ணிட்டு வந்த மாதிரி!”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அவளே சொன்னாள்: “நான் இப்பல்லாம் கையே தூக்கறதில்லம்மா. பேசாம இருந்தா கொஞ்சம் மறந்துடறாங்க.”

தூக்கத்தில்கூடப் பேசுகிற பிள்ளை இது. நாலு வயதில் டிவியில் செய்தி வாசிக்கிறவரோடு சண்டை போட்டவள்.

பிப்ரவரி 13

தன்னை மறந்துவிடட்டும் என்று ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகுமா? போகிறதே. என் பிள்ளை போகிறதே.

மார்ச் 2, ஞாயிறு

என் வீட்டுக்காரன் கார்டெல் இன்றைக்கும் மடிக்கணினியும் கையுமாக உட்கார்ந்துவிட்டான். கறுப்பர்கள் நன்றாக வாழ ஏற்ற பெருநகரம் எது? யாருக்குச் சொந்த வீடு அதிகம், யாருக்கு வருமானம் அதிகம், எங்கே நம்மவர்கள் தொழில் தொடங்குகிறார்கள் — வாரம் முழுக்க நகரப் பேருந்து ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க ஓட்டுகிறான்.

“அட்லாண்டா முதல் இடம்னு ஒருத்தன் போட்ருக்கான், ஏழாவதுன்னு இன்னொருத்தன் போட்ருக்கான்” என்றான்.

“போட்டவன் எவனாவது அங்க போய் தலைமுடி பின்னிக்கிட்டானா?” என்றேன். என் கணக்கு அதுதான். இங்கே என் முடியைத் தொடத் தெரிந்த ஒருத்தியிடம் போக ஊரின் அந்தக் கோடிக்குக் காரோட்ட வேண்டும்.

ஹூஸ்டன்? அவன் மாமா வீட்டுக்குள் வெள்ளம் இரண்டு முறை வந்துவிட்டுப் போயிருக்கிறது. வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்து? வீட்டு விலையைப் பார்த்ததும் தண்ணீர் கேட்டான். மிச்சம் அட்லாண்டா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இங்க நமக்கு என்ன குறைச்சல்? கூரை ஒழுகல, வேலை போகல. காலை ஷிப்ட் வாங்க நீ எத்தனை வருஷம் காத்துக் கிடந்தே? அங்க போனா மறுபடி கடைசி வரிசைதான். இக்கரைக்கு அக்கரை பச்சை.”

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஜெயித்திருப்பேன். “நமக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, ரெனி. அவளுக்குத்தான்” என்றான்.

மார்ச் 26, புதன். அட்லாண்டா

பள்ளி விடுமுறை. ஊர் பார்க்க வந்திருக்கிறோம். வாங்குவதற்கு முன் தட்டிப் பார்க்க வேண்டாமா?

அவமானத்தை எழுதிவிடுகிறேன். மதியம் ஒரு பெரிய மளிகைக் கடைக்குப் போனோம். காய்கறிப் பக்கம் திரும்பினால் நம்மவர்கள், ரொட்டிப் பக்கம் திரும்பினால் நம்மவர்கள், பணம் வாங்குகிறவர், மேலாளர், குழந்தையை அதட்டுகிறவள் — எல்லாரும். நான் பழக்க தோஷத்தில் ஒருவர் விடாமல் தலையசைத்துக்கொண்டே போகிறேன். ஒருவர்கூடத் திருப்பி அசைக்கவில்லை! முட்டை இருக்கிற இடத்தில் ஓர் அம்மாள் நின்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“ஏம்மா, கழுத்துல சுளுக்கா? சுடுதண்ணி ஒத்தடம் குடு, சரியாப் போயிடும்.”

நைலா அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு ரோஷம். கார் வரைக்கும் புலம்பினேன்: “இது என்ன ஊரு? மனுஷனை மனுஷன் கண்டுக்கறதில்ல. போர்ட்லேண்ட்ல நம்ம ஆள் தெருவுக்கு அந்தப் பக்கம் நடந்தாக்கூட இந்தப் பக்கம் பாத்துத் தலையாட்டுவான்.”

மார்ச் 27

விடுதிக்குப் பக்கத்துப் பூங்காவில் நைலா தனியாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. “அம்மா, இங்க யாருமே என்னைப் பாக்கல!” என்றாள்.

நேற்று நான் எதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேனோ, அதையே இவள் பரிசு வாங்கியவள் போல வந்து சொல்கிறாள். தலை திரும்பாத ஊரில் தலையசைப்பும் இருக்காது. இரண்டும் சேர்ந்துதான் வரும் போலிருக்கிறது.

கார்டெல் என்னைப் பார்த்தான். ‘சரி, வந்துவிடலாம்’ என்று தலையசைத்தேன்; அவனும் அசைத்தான். இந்த ஊரில் எனக்குப் பதில் தலையசைத்த முதல் ஆள் என் புருஷன்தான்.

ஜூன் 20, வெள்ளி. போர்ட்லேண்ட்

கடைசி நாள். வீட்டை விற்றாயிற்று. பேருந்து நிறுத்தத்தில் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தேன். “நாங்க அட்லாண்டா போறோம். பொண்ணுக்காக. உங்ககிட்ட சொல்லாம போக மனசு வரல.”

அவர் நீலப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “நல்லதுங்க. போய் நல்லா இருங்க” என்றார். பிறகு, “அப்ப எனக்கு யாருங்க தலையாட்டுவா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

அவர் பெயர் டெல்மர். ஏதோ அச்சகத்தில் வேலையாம். என் பெயரைச் சொன்னேன். என் பேருந்துக்கு முன்பே அவருடையது வந்துவிட்டது. ஏறி, சன்னல் வழியாக ஒரு தலையசைப்பு. அழுதுவிட்டேன். வேலைக்குப் போகிற வழியில் பெயர்கூடத் தெரியாத ஒருவர் எனக்கு எத்தனை காலைகளைத் தாங்கிக் கொடுத்திருக்கிறார்!

ஆகஸ்ட் 6, புதன். அட்லாண்டா

நைலாவுக்குப் புதுப் பள்ளியில் முதல் நாள். “எப்படி இருந்துச்சு?” “ம்.” அவ்வளவுதான்.

அந்த ‘ம்’மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

செப்டம்பர் 17

கார்டெலுக்கு இங்கேயும் பேருந்து வேலைதான்; காலையில் நான்கு மணி நேரம், நடுவே வெட்டிப்பொழுது, மாலையில் நான்கு மணி நேரம். மத்தியானம் ஓய்வறையில் நாற்காலியிலேயே தூங்குகிறானாம். சாலை நெரிசலோ, சொல்லி மாளாது. வாடகை வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் வெளியேற வேண்டும்.

நல்லது நடக்கவே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இரண்டு தெரு தள்ளி என் முடியைப் பின்னிவிட்டார்கள். பின்னியவள் தானும் ஒருகாலத்தில் வேறு ஊரிலிருந்து வந்தவள்தான் என்றாள். உட்கார்ந்தேன், எழுந்தேன், நடந்தே வீடு வந்தேன்.

ஆனால் நைலா இன்னும் ‘ம்’தான். தப்புப் பண்ணிவிட்டோமா?

அக்டோபர் 14, செவ்வாய்

புது மருத்துவமனையில் வேலையாக இருக்கும்போது பள்ளியிலிருந்து போன். நைலாவின் வரலாற்று ஆசிரியை. அவரும் நம்மவர்தான், குரலே அதட்டுகிறது.

“மிஸஸ் பாய்கின், உங்க பொண்ணைக் கொஞ்சம் கண்டிச்சு வையுங்க. கிளாஸ்ல வேற யாரையும் பேச விடறதில்ல. நான் கேள்வியை முடிக்கறதுக்குள்ள பதில் சொல்லிடறா. நேத்து அடிமைக் கப்பல் பாடத்துல என்னையே திருத்தறா!”

“ரொம்ப நன்றிங்க.”

“நான் புகார் சொல்றேன்மா.”

“தெரியுதுங்க. இன்னொரு தடவை சொல்றீங்களா? என் வீட்டுக்காரரையும் லைன்ல போடறேன், அவரும் கேக்கட்டும்.”

கார்டெல் ஓய்வறையிலிருந்து முழுவதையும் கேட்டான். “மன்னிச்சுக்குங்க டீச்சர், கண்டிக்கிறோம்” என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. ஆசிரியை பயந்துபோய் “அடிச்சுகிடிச்சு வெச்சிடாதீங்க” என்றார்.

இரவுச் சாப்பாட்டில் கண்டித்தோம். அதற்கும் ஒரு பெரிய பதில் சொன்னாள். கடவுளே, நன்றி. வேறென்ன எழுத?

நவம்பர் 26, புதன்

நாளை தேங்க்ஸ்கிவிங், நன்றி நாள் விருந்து. கடையில் கொலார்டு கீரைக்கு அடிதடி; அது இல்லாமல் நம்மவர் வீட்டில் விருந்தே இல்லை. மூன்று கட்டு பிடித்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வாங்கிக்கொண்டு வண்டியைத் தள்ளினேன். நைலா வழி நெடுக எதையோ பேசிக்கொண்டே வந்தாள்.

காரில் பைகளை வைத்துவிட்டு நைலா பாதிப் பேச்சில் நிறுத்தினாள். “அம்மா, கீரைகிட்ட ஒருத்தர் உனக்குத் தலையாட்டினாரே, நீ ஏன் கண்டுக்கல?”

யார்? எப்போது? எனக்குச் சத்தியமாகத் தெரியாது. நான் பார்க்கவே இல்லை! நின்ற இடத்திலேயே எனக்கு டெல்மரின் அந்த நீலப் பை கண்ணில் வந்தது.

“இரு” என்று சொல்லி உள்ளே ஓடினேன். நல்லவேளை, அவர் போகவில்லை. முப்பது வயதிருக்கும். கையில் வாடிய ஒரு கட்டுக் கீரை. ரொட்டிப் பக்கம் போகிற ஒருவருக்குத் தலையசைத்தார். அந்த ஆள் கடந்து போய்விட்டான். நான் நேராகப் போய் அவர் முன்னால் நின்று, நன்றாகத் தெரிகிற மாதிரி தலையசைத்தேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

“எந்த ஊரு தம்பி?”

“ஐடஹோ. அங்க நம்மவங்களைத் தேடித்தான் பாக்கணும். வந்து ஒரு வாரம்தான் ஆச்சு. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“கழுத்து சொல்லுச்சு” என்றேன். “நாளைக்கு யார் வீட்டுல சாப்பாடு?”

யாரும் இல்லை என்றார். கார்டெலுக்கு போன் பண்ணி, மேசைக்கு இன்னொரு நாற்காலி போடச் சொன்னேன்.