பதினொரு மணி, நாற்பதடி

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு இருவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை, அப்படித் தொடங்கவே பேனாவை எடுத்தேன், ஆனால் இருவரில் ஒருவர் நலமா இல்லையா என்று விசாரித்து எழுதும்படி நீயே என்னைப் பணித்திருப்பதால் அந்த வாக்கியத்தை இப்போதைக்குப் பாதியாக வைத்துக்கொள். நான் நலம். முழங்கால் வழக்கம்போல் மாடிப்படியோடு சண்டையிட்டுக்கொண்டிருக்கிறது. உன் மனைவிக்கு முதுகுவலி குறைந்ததா? அந்த நாற்காலியை மாற்றுங்கள் என்று போன கடிதத்திலேயே எழுதினேன், மாற்றியிருக்க மாட்டீர்கள். உன் அக்கா ஞாயிறு தவறாமல் வந்து, நாங்கள் எப்படி வாழ வேண்டும் என்பதை ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு, போகும்போது என் டப்பாக்களை எடுத்துச் செல்கிறாள். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, குழாய்க்காரர் மூன்று முறை வந்து மூன்று காரணங்கள் சொன்னார், மூன்றும் நம்பும்படியாகவே இருந்தன. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

இனி உன் கேள்வி. "அப்பாவுக்குக் கண்ணு தெரியுதா இல்லையான்னு ஒரு நாள் கூடப் போய்ப் பாத்துட்டு ஒரே வரியில சொல்லும்மா, தெரியுதுன்னா கையெழுத்துப் போட்டு அனுப்பறேன், இல்லைன்னா படகைக் கரையேத்திடலாம்" என்றாய். ஒரே வரியில் சொல்லக்கூடியதாக இருந்தால் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். படகு உங்கள் இருவர் பெயரிலும் இருப்பதும், உன் கையெழுத்து இல்லாமல் துறைமுக அலுவலகத்தில் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்பதும், மாத முடிவோடு கெடு முடிகிறது என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. கால்வாய் முகப்பிலுள்ள அடையாளக் கம்பத்தில் அப்பா படகை உரசிவிட்டார் என்று நாம் சுருட்டு என்றே அழைக்கும் பக்கத்துப் படகுக்காரர் உன்னைக் கூப்பிட்டுச் சொன்னதிலிருந்து நீ அந்தத் தாளை அடைகாக்கிறாய் என்பதும் அவருக்குத் தெரியும். "உன் பையன் தபால்ல நம்பிக்கை இல்லாம அதைக் கையில எடுத்துக்கிட்டு நடந்தே வர்றான் போலிருக்கு" என்று தினம் ஒரு முறை சொல்கிறார். கண் டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னால், "அவர் சுவத்துல இருக்கிற எழுத்தையா நான் பிடிக்கப் போறேன்?" என்கிறார். ஆகவே புதன்கிழமை நானே படகில் ஏறினேன்.

காசு வாங்கிக்கொண்டு ஆட்களை மீன்பிடிக்க அழைத்துப்போகும் இந்தத் தொழில் நடக்கும் வீட்டில் வளர்ந்தவன் நீ, உனக்கு இதில் எதுவும் புதிதல்ல. ஆனால் இத்தனை வருடங்களாக நான் அந்தப் படகில் கால் வைத்ததில்லை. ஒரு மீனைத் தேடிப் போய், அதோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டி, தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விடுவது வேலை வெட்டி இல்லாதவர்களின் வேலை என்பது என் கருத்து, அது இன்னும் மாறவில்லை. அன்றைய வாடிக்கைக்காரர் பல் டாக்டர், வருடந்தோறும் நான்கு நாள் விடுப்பில் வந்து உன் அப்பாவையே கேட்டு வாங்கிக்கொள்கிறவர். நான் ஒரு பழைய ஆய்வுக்கூடக் குறிப்பேட்டை எடுத்துப்போனேன். ஒரு பக்கத்தில் கண்டது, எதிர்ப்பக்கத்தில் கருதியது. கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் வேதியியல் மாணவர்களிடம் இந்த இரண்டையும் கலக்காதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தியவள் நான், சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஏறிய உடனேயே என் பையிலிருந்த வாழைப்பழங்களுக்காக அப்பாவிடம் திட்டு வாங்கினேன். மீன்பிடிப் படகில் வாழைப்பழம் ஏற்றினால் மீன் வராதாம். பல் டாக்டர் பட்டம் பெற்றவர், அவரும் "ஆமாம் மேடம், அது மட்டும் வேண்டாம்" என்று பயந்த முகத்தோடு சொன்னார். படித்த மனிதர் இப்படிச் சொல்கிறாரே என்று வியந்துகொண்டே பழங்களைக் கரையிலிருந்த டீசல்காரரிடம் கொடுத்தேன், பிறகுதான் உறைத்தது: பை பாதி மூடியிருந்தது, அப்பா பத்தடிக்கு அப்பால் நின்றார், எப்படிப் பார்த்தார்? "கண் தெரிகிறது" என்று எழுதினேன். அடுத்த நிமிடமே, பழுத்த வாழைப்பழத்தை அறியக் கண் எதற்கு, மூக்கு போதுமே என்று தோன்றியது, அடித்தேன். குறிப்பேட்டின் முதல் வரியே அடித்தலாகப் போயிற்று.

ஆழமில்லாத இடம் வந்ததும் அப்பா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பின்பக்கத்து மேடைமேல் ஏறி நின்று நீளக் கம்பால் படகைத் தள்ளத் தொடங்கினார். பல் டாக்டர் முன்பக்கம் தூண்டிற்கோலோடு நின்றார். மேலே நிற்பவர் கண்கொத்திப் பாம்பாகத் தண்ணீரைப் பார்த்து, படகின் மூக்கு பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு, மீன் இருக்கும் திசையை மணியாகவும் தூரத்தை அடியாகவும் சொல்ல வேண்டும், கீழே நிற்பவர் அந்த இடத்தில் பொய் இறாலை வீச வேண்டும். முறை இவ்வளவுதான். "டாக்டர், பதினொரு மணி, நாற்பதடி, ரெண்டு பாரை மீன், பெருசு முன்னால வருது" என்று முதல் குரல் வந்தது. டாக்டர் "பாத்துட்டேன் கேப்டன், பாத்துட்டேன்" என்று வீசினார். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். தண்ணீர் இருந்தது, அடியில் மணல் இருந்தது, வெயில் இருந்தது. பாரை இல்லை, அல்லது எனக்கு இல்லை. "சே, திரும்பிடுச்சு" என்றார் அப்பா. "ஆமாம், வாலைப் பாத்தேன்" என்றார் டாக்டர். ஆனால் டாக்டரின் முகம் அப்போது ஒரு மணிப் பக்கம் திரும்பியிருந்தது, இதை நான் கண்ட பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

சரி, இருவருமாகச் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள், அல்லது ஒருவரையொருவர் ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டப் போன நேரத்தில், "பத்து மணி, அம்பதடி, விடுங்க, இப்ப இழுங்க, வேகமா" என்றார், கோல் வில்லாக வளைந்தது, ரீல் அலறியது, கால் மணி நேரம் கழித்து உன் அக்காவின் இரண்டாவது பையன் நீளத்திற்கு ஒரு பாரை படகோரம் வந்து எங்கள் மூவரையும் முறைத்தது. ஐம்பதடிக்கு அப்பால் இருந்ததை இவர் சொன்னார், அது அங்கே இருந்தது. இதற்கு என்ன சொல்கிறாய்? அந்தப் பாரையை விட்டுவிட்டு, நைந்துபோன தூண்டில் நரம்பை வெட்டிவிட்டுப் புதுக் கொக்கியைக் கட்டினார். கட்டும்போது கையைப் பார்க்கவே இல்லை, கடலைப் பார்த்துக்கொண்டே கட்டினார். தெரியாததால் பார்க்கவில்லையா, தேவையில்லாததால் பார்க்கவில்லையா? எதிர்ப்பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டேன்.

மூன்றாவது முறைதான் எனக்கு அவமானம், மறைக்காமல் எழுதுகிறேன். "ஒரு மணி, முப்பதடி, ஒத்தைப் பாரை, மெதுவா வருது" என்றார். டாக்டர் வழக்கம்போல் பார்த்துவிட்டார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, எழுந்து நின்று பார்த்தேன், ஒன்றுமில்லை. அப்போது அப்பா மேலிருந்து, "உனக்குத் தெரியுதா?" என்று கேட்டார். இரண்டு ஆண்களும் என் முகத்தையே பார்க்கிறார்கள், கூரான ஆள் என்ற என் பெயர் ஊசலாடுகிறது, என் வாய் என்னைக் கேட்காமலே "தெரியுது, தெரியுது" என்றது. எந்தப் பக்கத்தில் எழுதுவது? கண்டதுமில்லை, கருதியதுமில்லை. மத்தியானத்துக்குள் ஏழு முறை குரல் கொடுத்தார், கையில் வந்தது ஒன்று, பின்தொடர்ந்து வந்து விலகியது ஒன்று, அதை நானே பார்த்தேன், மீதி ஐந்து என்ன என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். இது மோசமான நாளா என்று டாக்டரிடம் ஒதுக்குப்புறமாகக் கேட்டேன், "ரொம்ப நல்ல நாள் மேடம்" என்றார். அப்படியானால் தப்பிப்போன மீனுக்கும் இல்லவே இல்லாத மீனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். சற்று யோசித்து, "நிக்கிற எங்களுக்கு ஒண்ணுமில்ல மேடம், அதான் இதோட சுகமே" என்றார். இந்த மனிதர் கையில் என் பல்லைக் கொடுக்க மாட்டேன்.

திரும்பும்போது கால்வாய் முகப்பில் வேகத்தைக் குறைத்து, சுருட்டின் படகை முன்னே போகவிட்டு, அது கிழித்துப்போன வெள்ளை நுரையின் மேலேயே கச்சிதமாக ஓட்டி வந்தார், கம்பம் கைக்கெட்டாத தூரத்தில் போயிற்று. மரியாதை என்று நினைத்தேன். சுருட்டுக்கு அவர் என்றைக்கு மரியாதை கொடுத்தார் என்று பிறகு நினைத்தேன். கரையில் நான் முன்னே போய்த் தேநீர் வாங்கிக்கொண்டு திரும்பினால், என்னைப்போலவே நீலத்தில் உடுத்தியிருந்த, படகுத்துறையில் பயணச்சீட்டு கொடுக்கும் அம்மாவிடம் அப்பா "என்ன, முழங்கால் எப்படி இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாவும் பாவம், நன்றாக இருப்பதாகவே சொன்னாள். இதையும் ஆதாரமாகக் கொள்ள முடியவில்லை, கல்யாணமான நாளிலிருந்தே என்னை உற்றுப் பார்த்துப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

தலையும் புரியாமல் வாலும் புரியாமல் நான் படகோரம் பலகைமேல் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் போய்விட்டார். அப்பா உப்புப் போக நல்ல தண்ணீரால் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்தாமல், என் பக்கம் திரும்பாமல், "அந்த மூணாவது, தெரியுதுன்னு சொன்னியே, நிஜமாவே பாத்தியா?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன். "டாக்டர் எல்லாத்துக்கும் பாத்தேன்னுதான் சொல்வார். படகுல ஏறுறவங்க எல்லாருமே அப்படித்தான், தெரியலைன்னு சொல்லக் கூச்சம். நீ அப்படிச் சொல்ற ஆள் இல்லையே, அதான் கேட்டேன்" என்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மென்று விழுங்கிச் சொன்னார். இரண்டு வருடமாகவே பார்வையின் நடுவில் ஒரு கறை. ஓரத்தால்தான் பார்க்கிறார். தண்ணீரில் ஏதோ கருப்பாக நகர்கிறது, அது மீனா மேகத்தின் நிழலா என்று அவருக்கே நிச்சயமில்லை, மீன் என்று சொல்லிப் பார்க்கிறார், கீழே நிற்பவர் "பாத்துட்டேன்" என்றால் அப்பாடா, இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார். யோசித்துப் பார். கேப்டன் சொல்கிறாரே என்று அவர்கள் பார்த்ததாகச் சொல்கிறார்கள், அவர்கள் பார்த்ததாகச் சொல்கிறார்களே என்று கேப்டன் நம்புகிறார். இதில் மூன்றாவது சாட்சியாகப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற நான்.

"பாக்கலை" என்றேன். "சரி, அப்ப அது நிழல்" என்றார். மேடையைக் கழுவினார், ஏற்கெனவே கழுவிய இடத்தையே மறுபடியும் கழுவினார். வியாழக்கிழமை கண் டாக்டரிடம் போகிறோம் என்றேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். இந்த மனிதர் எதிர்க்காமல் இருந்ததுதான் அன்று முழுவதிலும் என்னைப் பயப்படுத்திய ஒரே விஷயம். ஆகவே கண் டாக்டர் சொல்லும்வரை நீ அந்தத் தாளில் கையெழுத்திடாதே, கிழிக்கவும் செய்யாதே. அதுவரை இந்த வாரத்து வாடிக்கைக்காரர்களை அப்பா சுருட்டின் படகுக்கு மாற்றிவிட்டார், அதையும் தானாகவே செய்தார்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறொன்று. குழாயை மூடிய பிறகு அவர் இன்னொன்றும் கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை. "போன வருஷம் பையன் வந்தப்ப, மணல் திட்டு ஓரத்துல, ஒன்பது மணி, முப்பதடி, கருப்புப் பாரை ஒண்ணு. பாத்தேம்ப்பா பாத்தேம்ப்பான்னு குதிச்சானே. அவன் வாடிக்கைக்காரன் இல்லையே, பொய் சொல்ல வேண்டியதில்லையேன்னு, அதை வெச்சுத்தான் இந்த வருஷமும் மேல ஏறி நின்னேன். அது இருந்துச்சா?" என்றார். நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒரு மீனை வைத்து ஒரு கண்ணைப் பற்றி எதையும் நிரூபிக்க முடியாது என்று என் படிப்பு சொல்கிறது. அவரிடம் இதைச் சொன்னேன், "அது தெரியும், ஆனாலும் கேளு" என்றார்.

கேட்டுவிட்டேன். பார்த்திருந்தால் பார்த்தேன் என்று எழுது. பார்க்காமல் அப்பா சந்தோஷப்படட்டுமே என்று குதித்திருந்தால் அதை எழுது. மனம் இளகி நடுவில் ஏதாவது எழுதிவிடாதே, அப்படிச் சொன்னவர்கள் அந்தப் படகில் ஏறியது போதும், நானும் அதில் ஒருத்தி. நீயும் உன் மனைவியும் குறையில்லாமல் இருக்க வேண்டும், நாற்காலியை மாற்றுங்கள். பதிலை எனக்கு எழுதாதே, அப்பாவுக்குத் தனித்தாளில் எழுது, அதை நான் படித்துக்காட்டுவதை அவர் விரும்ப மாட்டார். எழுத்தைப் பெரிதாகப் போடு.

ஆசிகளுடன்,
அம்மா