இடப்பக்க வளைவு

ஜூன் 3, செவ்வாய்

காலையில் கராஜில் ஒரு வானுக்குக் கிளச் மாற்றினேன். மத்தியானம் ஒரு ஓட்டோ. பின்னேரம் என் மனுசன் பிரவீணன், தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தால் வந்ததும் ஒரு நோட்டீசை நீட்டினார். தரவை வெளியில் மண் ஓட்டக் கார்ப் போட்டி, ஓகஸ்ட் முப்பத்தொன்று. பெயர் கொடுத்தவர்களில் முதலாவது சுபாஸ்.

என் சின்னம்மாவின் மகன். நான் எட்டு மாதம் இருந்து கட்டிய எஞ்சினை வைத்துப் போன வருடம் கப் வாங்கியவன். எஞ்சின் யார் கட்டியது என்று மைக்கில் கேட்டார்கள். என் பக்கம் கையைக் காட்டினான். "உவ எங்கடை அக்கா. எனக்கு நட்டுக்கிட்டு இறுக்கித் தாறவ." சனம் சிரித்தது.

நட்டு இறுக்கித் தாறவ!

அடுத்த கிழமையே, கார் தன்ரை பேரிலைதானே எண்டு கொண்டுபோய்த் தனிக் கராஜ் போட்டிட்டான். நாசமாப் போவான். அந்த எஞ்சின் ஆர் கட்டினது எண்டு இந்த ஊருக்குத் தெரியவேணும். வேறை ஒண்டும் வேண்டாம் எனக்கு.

ஜூன் 4

பெயர் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 15

பழைய கார் ஒன்று கிடைத்தது. உடம்பில் துரு குறைவு. எஞ்சின்தான் பிரச்சினை. கராஜில் கிடக்கிற ஆயிரத்து முந்நூறு சீசீயைப் போடலாம். அல்லது கொழும்பிலிருந்து ரீகண்டிஷன் ஆயிரத்து எண்ணூறு எடுக்கலாம். ஆயிரத்து எண்ணூறு என்று முடிவெடுத்தேன்.

பிரவீணன் தேத்தண்ணியோடு வந்து நின்று கேட்டார். "உமக்கு ஓடுறதுக்கு எஞ்சின் வேணுமோ, அவனுக்குக் கேக்கிறதுக்கு எஞ்சின் வேணுமோ?"

"ரெண்டுக்கும்."

"அப்ப ஒரு ஸ்பீக்கரும் பூட்டும்."

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

தரவையில் ஓடிப் பார்த்தேன். நேரில் பறக்கிறது. வளைவில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் மூக்கை நீட்டிக்கொண்டு நேரேதான் போகிறது. பெரிய எஞ்சினால் முன்பாரம். இரண்டு தரம் பற்றைக்குள் போனேன். பன்னிரண்டு வருடம் இந்தத் தொழில் செய்கிறவளுக்கு இது முதலே தெரியாதா? தெரியும். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

ஜூலை 9

ஆயிரத்து எண்ணூறை இறக்கினேன். பிரவீணன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கத் தனக்கு நல்லாய்க் கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 20

சின்ன எஞ்சின் ஏறிவிட்டது. இனி எடை. பின் சீற், கதவுக் கண்ணாடி, உள்விரிப்பு எல்லாம் போயிற்று. கார் உருண்டால் தலை தப்ப உள்ளே இரும்புக் கூண்டு வைத்து வெல்டிங்கில் ஒட்டினேன், அதில் மட்டும் எடை பார்க்கவில்லை. பின் ஸ்பிரிங் இறுக்கம், முன் கொஞ்சம் இளக்கம். வளைவால் வெளியே வரும்போது சட்டென்று இழுக்கிற மாதிரிக் கியரை மாற்றினேன். மேல்வேகம் குறையும். குறையட்டும், தரவையில் அவ்வளவு நேர் ஓட்டம் எங்கே இருக்கிறது?

இன்றைக்குப் போய்ப் பார்த்தேன். சொன்ன இடத்தில் திரும்புகிறது. கத்த வேண்டும் போல இருந்தது, கத்தினேன். மேய்ந்த மாடுகள் ஓடின.

ஜூலை 27

இந்த வருட ஓடுபாதையின் படம் வந்தது. போன வருடம் இல்லாத ஒன்று இருக்கிறது. நீளமான இடப்பக்க வளைவு.

அப்படி நீளமாய் இடப்பக்கம் திரும்பினால் எஞ்சினுக்குக் கீழே தொட்டியில் இருக்கிற எண்ணெய் முழுக்க வலப்பக்கம் ஒதுங்கும். பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும், எண்ணெய் போகாத எஞ்சின் தேய்ந்து இறுகிவிடும். எண்ணெய் ஒதுங்காமல் இருக்கத் தொட்டிக்குள் தடுப்புத் தகடு ஒட்ட வேண்டும். சுபாஸின் எஞ்சினில் அது இல்லை. தகட்டை வெட்டி வைத்திருந்தேன், பேந்து ஒட்டுவம் என்று விட்டது. அதற்குள் அவன் காரைக் கொண்டுபோய்விட்டான். தகடு இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

என் காருக்கு இன்றே ஒட்டினேன்.

பிரவீணன் கேட்டார். "உந்தத் தகட்டுக் கதையை நீர் அவனுக்குச் சொல்லேல்லையோ?"

"நட்டு இறுக்கிறவளுக்கு உதெல்லாம் என்னெண்டு தெரியும்?"

ஓகஸ்ட் 9

மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு நேர்த்தி வைத்தேன். என்ன நேர்த்தி என்று எழுத மாட்டேன். சாமிக்குச் சொல்லவே வெட்கமாக இருந்தது.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

ஒத்திகை ஓட்டம். முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்க, சுபாஸ் வந்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் என்னோடு கதைத்த முதல் கதை.

"அக்கா, அந்தப் பெரிய வளைவிலை எண்ணெய் லைட் எரிஞ்செரிஞ்சு நூருது. என்னவாயிருக்கும்?"

முகத்தில் நக்கல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான்.

"வயர் லூசாக்கும்," என்றேன்.

"அதுதான் நானும் நினைச்சன்," என்று போய்விட்டான்.

ஓகஸ்ட் 25

பொய் சொன்னனானோ? இல்லை. 'லூசு' எண்டு சொல்லேல்லை, 'லூசாக்கும்' எண்டுதான் சொன்னன். ஆக்கும் எண்டால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கேட்டவன் தான் போய்ப் பார்க்கவேணும். எஞ்சின்காரன்தானே அவன்!

ஓகஸ்ட் 28

நித்திரை இல்லை. போன் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

எட்டுச் சுற்று. சுபாஸ் முன்னுக்கு, நான் அவனுக்குப் பின்னால் அவன் கிளப்பிய புழுதிக்குள். ஐந்தாம் சுற்றில் என் எஞ்சின் சத்தத்தையும் தாண்டி அவன் காரிலிருந்து அது கேட்டது. தட், தட், தட். உள்ளே பேரிங் போகிற சத்தம். நான் என் கையால் அளந்து வைத்த பேரிங். ஆறாம் சுற்றில், அதே வளைவில், எஞ்சின் இறுகிப் பிடித்து அவன் கார் குறுக்கே நின்றது. அவனுக்கு ஒன்றும் இல்லை. விலத்திக்கொண்டு போனேன்.

சந்தோஷமாக இருந்தது. இந்த டயறிக்குள் பொய் எழுதி என்ன? சந்தோஷமாகத்தான் இருந்தது.

எனக்குக் கப்பைத் தந்துவிட்டு, மைக்கைச் சுபாஸிடம் நீட்டி என்ன நடந்தது என்று கேட்டார்கள். "எஞ்சின் ஜாம். நான் அதிலை ஒரு நட்டும் தொடேல்லை. முழுக்க அக்கான்ரை கைவேலை. எண்ணெய் லைட் எரியுதெண்டு அவவைத்தான் கேட்டன். வயர் லூசெண்டு சொன்னவ. வயரைக் கழட்டிப்போட்டு ஓடினன்."

சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் வாயைத் திறந்தேன். தகடு இல்லாததால்தான் பிடித்தது, எனக்கு அது முதலே தெரியும் என்று சொன்னால், அப்ப ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பினம். வாயை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 1

பிரவீணன் இன்றைக்கு ஒரு தேத்தண்ணிதான் போட்டார், தனக்கு.

செப்டம்பர் 12

இந்தக் கிழமை மூன்றாவது ஆள். தில்லைநாதன் அண்ணை. அவருடைய காரின் எஞ்சினைப் பாதி கழற்றி வைத்திருக்கிறேன். அப்படியே கொண்டுபோகிறாராம்.

"கோவியாதேங்கோ தங்கச்சி. அண்டைக்கு நானும் அங்கை நிண்டனான். சுபாஸின்ரை எஞ்சின் கட்டினது நீங்கள்தானே?"

"ஓம், நான்தான்," என்றேன்.

கழற்றிய சாமான்களை எல்லாம் துடைத்து ஒரு பெட்டிக்குள் அடுக்கிக் கொடுத்தேன். காரைக் கட்டி இழுக்கக் கயிறு இல்லை என்றார். என்னுடையதைக் கொடுத்தேன்.