வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டவள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

"அறிவியல், தொழில்நுட்பம், பண்பாடுன்னு ஒரு பட்டமா? அதுல அப்படி என்னதாம்மா படிக்கிறே?" என்று கேட்டீர்களே, இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் தொலைபேசிக் கம்பியைச் சோதிப்பதற்காகப் பல மொழிக்காரர்களைப் பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் ஒன்றைப் பேராசிரியை வகுப்பில் போட்டார். ஒரு பெண் தமிழில் பத்துவரை எண்ணினாள். பிறகு மெதுவாக, "போதுங்களா? நான் வீட்டுக்குப் போகலாமா?" என்றாள். அங்கே இருந்த யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. பதிவு அதோடு முடிந்தது.

இங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லாததால், அந்தக் கடைசி வார்த்தைகளையும் எண்கள் என்றே இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறார்கள். நான்தான் அர்த்தம் சொன்னேன். "அவங்க வீட்டுக்குப் போனாங்களா?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். பேராசிரியைக்கும் தெரியவில்லை; அவள் பெயரைக்கூட யாரும் குறித்துவைக்கவில்லையாம்.

பயப்படாதீர்கள், பேய் பிசாசு ஒன்றுமில்லை. பாத்திரம் கழுவும்போது மட்டும் அந்தக் குரல் காதில் விழுகிறது. நேற்று என்னையறியாமல், "போகலாம்மா" என்று பதில் சொல்லிவிட்டேன். அறைத்தோழி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஒரு சின்ன உதவி, அப்பா. இனி செய்தியைத் தட்டி அனுப்பாமல், வாயால் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள். திட்டுவதாக இருந்தாலும் சரி, முதலில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் திட்டுங்கள்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்