பாதி எனக்கு

அன்புள்ள அம்மாவுக்கு, அட்லாண்டாவிலிருந்து வர்ஜில் வணக்கத்துடன் எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? நான் சுகம். இடது கையால் எழுதுவதால்தான் எழுத்து கோணல்.

எங்கள் அச்சகத்தில் சுரண்டல் லாட்டரி அச்சானதும், வெள்ளிப்பூச்சு சரியாக உரிகிறதா என்று ஒவ்வொரு சுருளிலும் சில சீட்டுகளை நாங்களே சுரண்டிப் பார்ப்போம். அவற்றுக்குப் பரிசு கிடையாது. செவ்வாயன்று என்னோடு வேலை செய்யும் டுவைன் சுரண்டியதில் மூன்று சிங்கம் விழுந்தது.

“பத்து லட்சம் டாலர்டா!” என்று கத்தினான்.

“என் சுருள்டா, பாதி எனக்கு” என்றேன், விளையாட்டாக.

ஸ்பேனரால் என் விரல்களை நசுக்கினான். முகத்திலும் அடித்தான். நான்கு பேர் இழுத்தும் அடங்கவில்லை.

“சோதனைச் சீட்டுடா மடையா!” என்று ஃபோர்மேன் அலறிய பிறகுதான் நின்றான்.

இரண்டு பல்தான் போனது. உங்கள் ஆப்பிள் ஜாம் அனுப்புங்கள், மெல்லத் தேவையில்லை. தபால் வண்டி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நீங்கள் சீட்டு சுரண்டும்போது, கிளைட் அண்ணன் விளையாட்டுக்குக்கூடப் பங்கு கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வர்ஜில்