மாவுக்கட்டோடு மலையேறிய நாள்

ஜூன் 14, சனி

மழை. கரண்ட் இல்லை. மாவுக்கட்டுக்குள் அரிப்பு. பெண்டாட்டி மீனாவின் பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்தேன். சொர்க்கம்.

ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போன வாரம் நாலாம் மாடியில் புருஷன் பெண்டாட்டி சண்டை. கதவோரம் நின்று கேட்டவன், தாழ்ப்பாள் சத்தத்தில் பதறி ஓடிப் படி தவறினேன். சண்டை எதற்கென்று இன்னும் தெரியவில்லை. காலைவிட அதுதான் வலி.

பிரபுவுக்குச் சொல்லவில்லை. பிள்ளை இத்தாலியில் ஹோட்டல் சமையல்கட்டில். தெரிந்தால் ஓடி வருவான். இங்கே பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் வயது. மிங்கலாடோன் விமான நிலையத்தில் இறங்கலாம், திரும்ப ஏற விடமாட்டார்கள். மீனாவின் உத்தரவு: "வாயத் தொறந்தீங்க, அடுத்த கால நானே ஒடைப்பேன்."

நாளை அவனுக்கு லீவு. மலை மேல் மதில் சூழ்ந்த பழைய ஊருக்குப் போகிறானாம். போனில் என்னையும் கூட்டிப்போகிறானாம். படி இறங்க முடியாதவனுக்கு மலையேற்றம்!

செய்ய வேண்டியது: போன் சார்ஜ். சவரம். நல்ல சட்டை. (இடுப்புக்குக் கீழே எப்படி இருந்தால் என்ன.)

ஜூன் 15, ஞாயிறு

வெயில். எதிர்வீட்டு ஊ செல்வமும் வந்து உட்கார்ந்தார். ('ஊ' பர்மிய மொழியில் பெரியவர்களுக்கு மரியாதைக்கு. அவரே போட்டுக்கொண்டது.)

மதியம் போன். பெரிய கல் வாசல். மதில் எங்கள் கட்டடத்தைவிட உயரம். சந்துகள் எங்கள் பபேடான் பேட்டைப் பின்சந்து அகலம்தான், எலி மட்டும் இல்லை.

"அந்தக் காலத்துல ராத்திரி கதவச் சாத்திடுவாங்களாம்ப்பா. உள்ள இருக்கறவன் உள்ளதான்."

யாரிடம் சொல்கிறான்!

ஒரு கிழவி மாடி ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடை இறக்கினாள். கீழே ரொட்டிக்காரர். எங்கள் தெருவில் பால்கனிக்குப் பால்கனி மணி கட்டிய கயிறு தொங்குமே, அதே சங்கதி. "அப்பா, நம்ம வீட்டுக் கயிறு!" சிரித்தோம். அந்த நேரம் பார்த்து எங்கள் மணி அடித்தது. டீக்கடை கோ மியோ. டீயைக் கட்டிவிட்டுக் கீழிருந்து இழுக்கிறார்.

பிரபு சிரிப்பை நிறுத்தினான்.

"நீங்க எப்பப்பா கயித்துல டீ வாங்கினீங்க? கடையில ஊர்க்கதை பேசாம உங்களுக்கு டீ எறங்காதே."

"மழைடா."

"பின்னாடி வெயில் தெரியுது. காலக் காட்டுங்க."

எப்படித்தான் காலுக்கு வந்தான்! கேமராவை ஊ செல்வம் காலுக்குத் திருப்பினேன். அவரும் ஒத்தாசையாக விரலை ஆட்டினார்.

"அது செல்வம் மாமா கால். முருங்கக்கா."

"என் காலுக்கு என்னடா கொறச்சல்?" அவருக்கு ரோசம். அதோடு நாடகம் முடிந்தது.

காட்டினேன். மதிலோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "டிக்கெட் பாக்கறேன்ப்பா."

"வந்தா கதவத் தொறக்க மாட்டேன். ஆறு மாடி ஏறிட்டு எறங்கிப் போ."

மீனா போனைப் பிடுங்கினாள். "நீ அங்க இருந்தாத்தான்டா, நாங்க இங்க நிம்மதியா மாட்டிக்கிட்டு இருக்க முடியும்."

லைன் கட். அவனா வைத்தான், நெட்டா போனது? தெரியவில்லை. ராத்திரி சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. ஊ செல்வத்துக்கு மட்டும் இறங்கியது.

ஜூன் 16, திங்கள்

மழை. டீ கயிற்றில். ஆறிப்போய்.

பிரபு கூப்பிட்டான். வரவில்லையாம். ஒரே நிபந்தனை: கட்டுப் பிரிக்கும்வரை தினமும் கால் காட்ட வேண்டும்.

காட்டினேன். முகத்தைக் காட்டச் சொல்லவில்லை. நல்லதாகப் போயிற்று.